2027 தலைக்கணக்கு: தமிழ்நாட்டு சீட் குறையுமா? நிலக்கோட்டை ‘தனி’ மாறுமா? | விரிவான விளக்கம்

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் யாரிடம் வேண்டுமானாலும் “உங்க எம்.பி. தொகுதி எது?” என்று கேளுங்கள். “திண்டுக்கல்” என்று சட்டென பதில் வரும். அந்தத் திண்டுக்கல்லையும் சேர்த்து தமிழ்நாட்டுக்கு மொத்தம் 39 மக்களவைத் தொகுதிகள். அது ஏன் 39? ஏன் 45 இல்லை, ஏன் 32 இல்லை?

இன்றைக்கும் சட்டப்படி இந்த எண்ணுக்கு ஆதாரமாக இருப்பது 1971-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. அப்போது திண்டுக்கல் என்று ஒரு மாவட்டமே கிடையாது. நிலக்கோட்டை அன்றைக்கு மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான். எம்.ஜி.ஆர். 1971-ல் தி.மு.க.வில் இருந்தார். மாயத்தேவர் இரட்டை இலைக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த திண்டுக்கல் இடைத்தேர்தல்கூட 1973-ல்தான் நடந்தது. அவ்வளவு பழைய தலைக்கணக்கை வைத்துத்தான் 2024-லும் ஓட்டுப் போட்டோம்.

இந்தப் பூட்டு திறக்கும் நேரம் நெருங்குகிறது. புதிய கணக்கெடுப்புக்கான ஆதார நாள் 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு 2025 ஜூன் 16-ல் அறிவித்துவிட்டது. அதன் பிறகு என்ன ஆகும் என்பதுதான் சென்னை முதல் டெல்லி வரை நடக்கும் சண்டை. டி.வி. விவாதங்களில் ‘31 சீட்’, ‘49 சீட்’, ‘ஒரு சீட்கூட குறையாது’ என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பூட்டியது யார், எப்போது?

ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் மக்கள் தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு எம்.பி. இடங்களைத் திரும்பப் பிரிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 81, 82-வது பிரிவுகள் சொல்லும் விதி. 1951, 1961, 1971 கணக்கெடுப்புகளுக்குப் பிறகு அப்படித்தான் நடந்தது.

1976-ல் நெருக்கடி நிலை காலத்தில் வந்த 42-வது திருத்தம் இதை 2001 வரை நிறுத்தி வைத்தது. ‘குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலம் அதனாலேயே சீட் இழக்கக் கூடாது’ என்பது காரணம். வாஜ்பாய் ஆட்சியில் வந்த 84-வது திருத்தம் அதை மேலும் நீட்டித்தது. எதுவரை? ‘2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை.’

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கப்படி 2021-ல் கணக்கெடுப்பு நடந்திருந்தால், அடுத்தது 2031. அதாவது ‘2026-க்குப் பிறகு முதல் கணக்கெடுப்பு’ என்பது 2031 ஆகியிருக்கும். தரவு வெளியாகி, ஆணையம் அமைந்து, வேலை முடிய இன்னும் சில வருடங்கள் ஓடியிருக்கும். ஆனால் 2021 கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், தள்ளிப்போய், 2027-ல் வந்து நிற்கிறது. இப்போது அதுவே ‘2026-க்குப் பிறகு முதல்’ கணக்கெடுப்பு ஆகிவிட்டது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தாமதமே கெடுவை நான்கு வருடம் முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் தானாக சீட் மாறாது. நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு, மறுவரையறை ஆணையம் அமைக்க வேண்டும். 2026 சட்டமன்றத் தேர்தலுக்குப் பழைய எல்லைகளேதான்.

வகுத்தல் கணக்கு

கணக்கு எளிதுதான். நாட்டின் மக்கள் தொகையை எம்.பி. இடங்களால் வகுத்தால், ஒரு எம்.பி.க்கு எத்தனை பேர் என்று வரும். அதைக் கொண்டு மாநில மக்கள் தொகையை வகுத்தால், அந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று வரும்.

1971-ல் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தியது. நாட்டின் மக்கள் தொகை சுமார் 54.8 கோடி. தமிழ்நாட்டில் 4.12 கோடி பேருக்கு 39 எம்.பி., அதாவது ஒருவருக்கு 10.6 லட்சம் பேர். ராஜஸ்தானில் 2.58 கோடிக்கு 25, ஒருவருக்கு 10.3 லட்சம். கேரளாவில் 2.13 கோடிக்கு 20, ஒருவருக்கு 10.7 லட்சம். ஏறக்குறைய எல்லோரும் சமம்.

இப்போது 2011-க்கு வாருங்கள். தமிழ்நாடு 7.21 கோடி. அதே 39. ஒரு எம்.பி.க்கு 18.5 லட்சம் பேர். உத்தரப் பிரதேசம் சுமார் 20 கோடி, 80 எம்.பி., ஒருவருக்கு 25 லட்சம். பிகார் 26 லட்சம். ராஜஸ்தான் 27 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேரளா 16.7 லட்சம்தான்.

543 இடங்களை மாற்றாமல் 2011 கணக்கை வைத்துப் பிரித்தால், சராசரி 22.3 லட்சத்துக்கு ஒரு எம்.பி. தமிழ்நாட்டுக்கு 32 வரும். உ.பி.க்கு 80-ல் இருந்து 90 பக்கம் போகும். கேரளா 20-ல் இருந்து 15-க்கு இறங்கும். 2011-க்குப் பிறகு இந்த இடைவெளி கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், உ.பி.யில் 2.4, பிகாரில் 3. ‘31 சீட்’ என்று ஸ்டாலின் 2025-ல் சொன்னது, 2026-ல் மக்கள் தொகை எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீட்டில் இருந்து வரும் எண்.

வடக்கில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வியையும் ஒதுக்கித் தள்ள முடியாது. ராஜஸ்தானில் 27 லட்சம் பேருக்கு ஒரு எம்.பி., இங்கே 18 லட்சம் பேருக்கு ஒரு எம்.பி. என்றால், அங்கே இருப்பவர் ஓட்டுக்கு மதிப்பு குறைவா? ‘ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு’ என்பது அரசியல் சாசனம் எழுதும்போதே அம்பேத்கர் அழுத்திச் சொன்ன கொள்கை. அந்தக் கொள்கையோடு, ‘மாநிலத்துக்கு மாநிலம் உள்ள பலம் மாறக் கூடாது’ என்ற இன்னொரு நியாயம் மோதுகிறது. இரண்டுமே நியாயம் என்பதால்தான் ஐம்பது வருடமாக இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

திண்டுக்கல்லுக்கு இது புதிதல்ல

தமிழ்நாடு இப்படி சீட் இழந்த மாநிலம்தான். 1957, 1962 தேர்தல்களில் நமக்கு 41 எம்.பி.க்கள். 1951-61-ல் நாட்டின் மக்கள் தொகை 21 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தபோது, அன்றைய மெட்ராஸ் மாநிலம் 12 சதவீதம்தான் வளர்ந்தது. 1961 கணக்கெடுப்பை வைத்து மறுவரையறை செய்தபோது இரண்டு இடம் போனது. 1967-ல் இருந்து 39.

அந்தச் சமயத்தில், 1962 முதல் 1967 வரை, திண்டுக்கல் எம்.பி. யார் தெரியுமா? டாக்டர் டி.எஸ்.சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவர், காந்திகிராமத்தை உருவாக்கியவர். சின்னாளப்பட்டி பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரியும் அதே காந்திகிராமம். அங்கே 1964-ல் கிராம சுகாதாரத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் என்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், ‘இரண்டு போதும்’ என்று சொல்ல ஆள் பயிற்சி கொடுத்த இடம். சிறிய குடும்பம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேர் பிடித்ததில் இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. அதே ஊர் எம்.பி.யின் பதவிக் காலத்தில்தான் மாநிலத்தின் இரண்டு எம்.பி. இடங்கள் கழிந்தன.

1951-61-ல் வளர்ச்சி குறைந்ததற்குக் குடும்பக் கட்டுப்பாடு காரணமல்ல, அது பெரிதாகத் தொடங்கியது பிறகுதான். ஆனால் பிறகு செய்த வேலைக்கும் அதே பலன்தான் கிடைக்கப் போகிறதா என்பது இன்றைய கேள்வி.

இதை நீதிமன்றமே ஒருமுறை கேட்டது. 2021 ஆகஸ்டில் தென்காசி தனித் தொகுதி தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி அமர்வு ஒரு கணக்குப் போட்டது. இரண்டு இடம் வீதம் 14 தேர்தல், ஆக 28 எம்.பி.க்கள். ஒருவருக்கு ரூ.200 கோடி என்று வைத்தால் ரூ.5,600 கோடி. இதைத் தமிழ்நாட்டுக்கு ஏன் இழப்பீடாகத் தரக் கூடாது என்று மத்திய அரசிடம் கேட்டார்கள். பணம் வரவில்லை. ஆனால் ‘மக்கள் தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா’ என்ற கேள்வி ஆவணத்தில் ஏறிவிட்டது.

‘ஒரு சீட்கூட குறையாது’ என்றால்?

2025 பிப்ரவரி 26-ல் கோவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாச்சார அடிப்படையில் தென் மாநிலங்களுக்கு ஒரு இடம்கூட குறையாது என்றார். மார்ச் 5-ல் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 கணக்கே இன்னும் 30 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்றது. மார்ச் 22-ல் பல மாநிலத் தலைவர்கள் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழு, 25 ஆண்டு நீட்டிப்பு கேட்டது.

அமித் ஷா சொன்னது பொய்யும் ஆகாது, போதுமான பதிலும் ஆகாது. காரணம், மொத்த இடங்களைக் கூட்டிவிட்டால் யாருக்கும் எண்ணிக்கை குறையாது. புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். கார்னகி ஆய்வு மையத்தின் மிலன் வைஷ்ணவ், ஜேமி ஹின்ட்சன் 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2026 மக்கள் தொகை மதிப்பீட்டின்படி எந்த மாநிலத்துக்கும் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் மக்களவையில் 848 இடம் வேண்டும். அதில் தமிழ்நாட்டுக்கு 49, கேரளாவுக்கு அதே 20, பிகாருக்கு 79, உ.பி.க்கு 143.

39 எங்கே, 49 எங்கே, பத்து கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் இன்று 543-ல் 39 என்றால் 7.2 சதவீதம். 848-ல் 49 என்றால் 5.8 சதவீதம். இன்றைய பங்கு அப்படியே இருக்க வேண்டுமென்றால் 61 இடம் வர வேண்டும். பந்தியில் நமக்கு ஒரு வடை கூடுதலாக வைக்கிறார்கள், பக்கத்து இலைக்கு மூன்று வைக்கிறார்கள். ஓட்டெடுப்பு என்று வரும்போது எண்ணுவது மொத்த வடையைத்தான்.

ஆக ‘விகிதாச்சாரம்’ என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைய 7.2 சதவீதப் பங்கின் விகிதமா, இல்லை புதிய மக்கள் தொகையின் விகிதமா? முதலாவது என்றால் 61, இரண்டாவது என்றால் 49. இதற்கு எழுத்தில் பதில் வரும் வரை ‘குறையாது’ என்பதில் முழு நிம்மதி கிடையாது.

நிலக்கோட்டைக்குள் நடக்கும் இரண்டாவது கணக்கு

டி.வி.யில் பேசுவது எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் பிரிக்கும் கணக்கு. மாநிலத்துக்கு உள்ளேயும் ஒரு கணக்கு உண்டு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அம்மையநாயக்கனூர் மக்களை நேராகத் தொடுவது அதுதான்.

மாநிலங்களின் எண்ணிக்கைதான் பூட்டப்பட்டது. எல்லைகளும் தனித் தொகுதிகளும் 2001 கணக்கெடுப்பை வைத்து மாற்றப்பட்டன. நீதிபதி குல்தீப் சிங் ஆணையத்தின் அந்த மறுவரையறை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. 39 அப்படியே இருந்தது, ஆனால் பழனி மக்களவைத் தொகுதி காணாமல் போனது. திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், கரூர் எம்.பி. தொகுதிக்குள் போனது. பழனி சட்டமன்றத் தொகுதி அதுவரை தனித் தொகுதி, அதன் பிறகு பொது. மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் இப்போது தனித் தொகுதி நிலக்கோட்டை ஒன்றே ஒன்றுதான்.

சட்டமன்றத்தில் 234 இடம் (இதுவும் 1967-ல் இருந்து மாறாத எண்). 2011 கணக்குப்படி சராசரியாக ஒரு தொகுதிக்கு 3.08 லட்சம் பேர். திண்டுக்கல் மாவட்டத்தில் 21.6 லட்சம் பேர், ஏழு தொகுதி. வகுத்துப் பார்த்தால் அதே 3.08 லட்சம். மாநில சராசரியில் நூல் பிடித்த மாதிரி நிற்கும் மாவட்டம் இது. அதனால் அந்தக் கணக்கில் ஏழு ஏழாகவே இருக்கும். சென்னையைச் சுற்றிய பகுதிகள் அப்படி இல்லை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 40 லட்சம் பேருக்கு 11 தொகுதி, ஒரு தொகுதிக்கு 3.6 லட்சம். நாகப்பட்டினத்தில் 16 லட்சத்துக்கு ஆறு, ஒரு தொகுதிக்கு 2.7 லட்சம். 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6.9 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள், துறைமுகத்தில் 1.76 லட்சம்தான். வடக்கு-தெற்கு சண்டை என்று நாம் சொல்வது, நம் மாநிலத்துக்குள்ளேயே டெல்டாவுக்கும் சென்னைப் புறநகருக்கும் நடுவில் காத்திருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறப்பதில்லை.

அடுத்தது ‘தனி’. பட்டியலின மக்கள் மாநில மக்கள் தொகையில் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீதம் தனித் தொகுதி. 2001-ல் 19 சதவீதம், அதனால் 44. 2011-ல் அது 20 சதவீதம் ஆனது, அதே 234-க்குக் கணக்குப் போட்டால் 47 வரும். முதலில் மாவட்டத்துக்கு எத்தனை என்று பிரிப்பார்கள். பிறகு அந்த மாவட்டத்தில் பட்டியலின மக்கள் விகிதம் அதிகமுள்ள தொகுதி தனி ஆகும். திண்டுக்கல் மாவட்டத்தில் அவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஏழு தொகுதிக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒன்று, அந்தப் பக்கம் சாய்ந்தால் இரண்டு.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையும் அதில் பிறகு வந்த திருத்தங்களும் சொல்வதுபடி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியலினக் கணக்கில் வருவார்கள். கிறிஸ்தவர் என்று பதிந்தால் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே டீக்கடையில் ஒரே மாதிரி நடத்தப்பட்டவர்கள்தான். ஆனால் தனித் தொகுதிக் கணக்கில் ஒரு வீடு சேரும், அடுத்த வீடு சேராது. 2027-ல் சாதியும் கேட்கப் போகிறார்கள். ஆனால் இந்த விதி மாறாதவரை தொகுதிக் கணக்கு பழையபடிதான்.

ஏழு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த ஏ.எஸ்.பொன்னம்மாள் 1989, 1991, 1996-ல் தொடர்ந்து ஜெயித்த தொகுதி நிலக்கோட்டை. 2006, 2019 இடைத்தேர்தல், 2021 என மூன்று முறை தேன்மொழி வென்றதும் இங்கேதான். மகளிர் இடஒதுக்கீடு பற்றிய 2023-ம் ஆண்டின் 106-வது திருத்தமும் கணக்கெடுப்பு, மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகே அமலுக்கு வரும். தனித் தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. சட்டம் வரும் முன்பே பெண்களை அனுப்பிவிட்ட ஊர் இது.

யாரை எண்ணுவார்கள்?

வாக்காளர் பட்டியலை அல்ல. மறுவரையறைக்கு எடுப்பது மக்கள் தொகையை. கைக்குழந்தையும் ஒரு தலைதான். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு வேறு, கணக்கெடுப்பு வேறு. ‘ஏற்கெனவே எழுதிட்டுப் போயிட்டாங்களே’ என்று கதவைச் சாத்திவிடக் கூடாது.

2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல் எடுப்பார்கள். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். இந்த முறை கணக்கெடுப்பு முழுக்க டிஜிட்டல், செல்போனில் நாமே பதியும் வசதியும் உண்டு. ஆட்களை அவர்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். நிலக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் இருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் அங்கேயே தங்கியிருப்பவர், ஊரில் ஓட்டு வைத்திருந்தாலும் தலைக்கணக்கில் திருப்பூர்க்காரர். இரண்டு இடத்திலும் விட்டுப்போனால், இரண்டு தொகுதிக்குமே அவர் இல்லாதவர்.

ஒரு தெரு விட்டுப்போனால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் 435 இடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படித்தான் பிரிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலம் ஒரு இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். இரண்டு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் வெறும் 89 பேர்.

ஆணையம் அமைந்தால், உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவராகவும் தேர்தல் ஆணையத்தினர் உறுப்பினர்களாகவும் இருப்பார்கள். மாநிலத்தில் இருந்து ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம். ஆனால் ஓட்டு கிடையாது. வரைவு அரசிதழில் வெளியான பிறகு பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லக் கூட்டம் நடத்துவார்கள். போன முறையும் அப்படிக் கூட்டங்கள் நடந்தன. ‘எங்க ஊரை ஏன் அந்தத் தொகுதியில சேர்த்தீங்க’ என்று கேட்க ஒரு சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். இறுதி ஆணை வந்துவிட்டால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.